கோல் விழுந்த பிறகு அணி யாரைப் பார்க்கிறது?

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்குக் கால்பந்து கேப்டன் முதலில் ஒரு புதிராகத்தான் தெரிவார். கிரிக்கெட்டில் கேப்டனின் கை எங்கும் தெரியும். யார் பந்து வீசுவது, ஸ்லிப்பில் எத்தனை பேர் நிற்பது, இன்னிங்ஸை எப்போது டிக்ளேர் செய்வது, டிஆர்எஸ் கேட்கலாமா வேண்டாமா என்று எல்லாமே அவரிடமிருந்து வர வேண்டும். பந்துவீச்சாளரை மாற்றியதில் ஒரு தவறு நேர்ந்தால் மறுநாள் டீக்கடையில் அவரைத்தான் கூண்டில் ஏற்றுவார்கள். கால்பந்தில் அப்படி எதுவும் இல்லை. பதினொரு பேரைத் தேர்வு செய்பவர் பயிற்சியாளர். ஆட்ட முறையை வகுப்பதும், யாரை எப்போது வெளியே எடுப்பது என்று தீர்மானிப்பதும் அவரே. கேப்டன் நாணயச் சுண்டலுக்குப் போகிறார், எதிரணிக் கேப்டனோடு கைகுலுக்குகிறார், பிறகு கையில் ஒரு பட்டையோடு மற்ற பத்துப் பேரைப் போலவே ஓடுகிறார்.

விதிப் புத்தகமும் இதை ஒளிக்கவில்லை. ஒவ்வோர் அணிக்கும் களத்தில் ஒரு கேப்டன் இருக்க வேண்டும், அவர் அடையாளப் பட்டை அணிய வேண்டும் என்று மூன்றாவது விதி கூறுகிறது. அடுத்து, கேப்டனுக்குத் தனித் தகுதியோ சலுகையோ கிடையாது, அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு மட்டும் உண்டு என்கிறது. அதிகாரம் எதுவும் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் கொடுக்கிற பதவி இது.

அப்படியிருந்தும் நல்ல கேப்டன் இல்லாத அணியைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம். காரணம், கால்பந்தின் கடிகாரம். நாற்பத்தைந்து நிமிடம் அது ஓடிக்கொண்டே இருக்கும். பயிற்சியாளர் நினைத்த நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தி வீரர்களைக் கூட்டிப் பேச முடியாது. அறுபதாயிரம் பேர் கத்தும் அரங்கில் கோட்டுக்கு வெளியே நின்று அவர் எழுப்பும் குரல் எதிர்ப்பக்க வீரருக்குக் கேட்கவே கேட்காது. எனவே திடீரென்று ஒன்று தவறும்போது, அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் உள்ளே இருக்கும் பதினொரு பேர்தான். நான் ஆட்டம் பார்க்கும்போது கோல் வாங்கிய அணியின் முகங்களைத்தான் கவனிப்பேன். பத்து ஜோடிக் கண்கள் யாரைத் தேடுகின்றன? தேடப்படுகிறவர் அந்தக் கணத்தில் என்ன செய்கிறார்? கேப்டன் பதவியின் முழு விளக்கமும் அந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

இதற்கு நான் அறிந்த மிகப் பெரிய சான்று 1950 ஜூலை 16 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் நடந்தது. அந்த உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. நான்கு அணிகள் கொண்ட இறுதிச் சுற்றில் அதிகப் புள்ளி பெறும் அணிக்குக் கோப்பை. பிரேசில் சுவீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் நொறுக்கியிருந்தது. உருகுவேயோ ஸ்பெயினோடு 2-2 என்று டிரா செய்து, சுவீடனை 3-2 என்று தட்டுத்தடுமாறி வென்றிருந்தது. கடைசி ஆட்டத்தில் பிரேசில் டிரா செய்தாலே போதும். அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களின் எண்ணிக்கை அதிகாரபூர்வக் கணக்குப்படியே 1,73,850. உண்மையில் இரண்டு லட்சத்தை நெருங்கியது என்பார்கள். உருகுவேயின் கேப்டன் ஒப்துலியோ வரேலாவுக்கு வயது 32. நடுக்களத்தில் நின்று தாக்குதலையும் தடுப்பையும் இணைக்கும் ஆட்டக்காரர்.

ஆட்டத்துக்கு முன்பு பயிற்சியாளர் ஹுவான் லோபெஸ் உடைமாற்றும் அறையில் தற்காப்பாக ஆடும்படி சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் போன பிறகு வரேலா எழுந்து, நம் பயிற்சியாளர் நல்ல மனிதர், ஆனால் இன்று அவர் சொல்வது தவறு, பயந்து பின்னால் நின்றால் சுவீடனுக்கும் ஸ்பெயினுக்கும் நேர்ந்ததுதான் நமக்கும் நேரும் என்று பேசியதாக உருகுவேயில் இன்றும் சொல்கிறார்கள். வெளியே இருப்பவர்கள் யாரும் பந்தை உதைக்கப் போவதில்லை, மேலே பார்க்காதீர்கள் என்றும் சொன்னாராம். இந்த வார்த்தைகளில் எத்தனை பங்கு அன்று சொல்லப்பட்டது, எத்தனை பங்கு பிறகு சேர்ந்தது என்று பிரிப்பது கடினம். ஆனால் அவர் காலால் செய்ததற்கு ஐயமே கிடையாது.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கி இரண்டே நிமிடத்தில் ஃப்ரியாசா பிரேசிலுக்கு ஒரு கோல் போட்டார். அரங்கம் வெடித்தது. சுவீடனுக்கும் ஸ்பெயினுக்கும் எதிராகப் பிரேசில் கோல் மழை பொழிந்ததும் இப்படித்தான். ஒரு கோல் விழும், அரங்கம் பொங்கும், எதிரணி பதறிப் பந்தை நடுவில் வைத்து அவசரமாக ஆரம்பிக்கும், பறிகொடுக்கும், அடுத்த கோல் விழும். வரேலா வலைக்குள் போய்ப் பந்தை எடுத்தார். அக்குளில் இடுக்கிக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக, எல்லைக்கோட்டு நடுவரை நோக்கி நடந்தார். ஆஃப்சைட் என்று வாதாடினார். பிறகு ஆங்கிலேயரான நடுவர் ஜார்ஜ் ரீடரிடம் போனார். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியவில்லை. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று கேட்டார். அரங்கத்தின் கொண்டாட்டம் முணுமுணுப்பாகி, முணுமுணுப்பு வசையாகி, வசை முழுவதும் ஒரே மனிதனின் மேல் விழுந்தது. அதன் பிறகே பந்தை நடுவட்டத்தில் வைத்தார்.

அது முறையான கோல் என்பது தனக்குத் தெரியும் என்று அவரே பின்னாளில் சொன்னார். ஆட்டத்தைக் குளிரவைக்க வேண்டும், பிரேசில் அந்த வேகத்திலேயே தொடர்ந்தால் ஐந்து ஆறு என்று போய்விடும் என்பதே அவர் கணக்கு. விதிப் புத்தகம் எந்த அதிகாரமும் தராத மனிதர், ஒரு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்த நடையால் தன் அணிக்கு மூச்சுவிட நேரம் வாங்கித் தந்தார். தன்னைத் தேடிய பத்து ஜோடிக் கண்களுக்கு அவர் காட்டியது பயமே இல்லாத ஒரு முதுகு. 66-ஆவது நிமிடத்தில் உருகுவேயின் கிக்கியா வலப்பக்கத்திலிருந்து அனுப்பிய பந்தை ஸ்கியாஃபினோ கோலாக்கினார். 79-ஆவது நிமிடத்தில் கிக்கியாவே இரண்டாவது கோலைப் போட்டார். 2-1. ஃபிஃபா தலைவர் ஜூல் ரிமே பிரேசிலை வாழ்த்தத் தயாரித்து வைத்திருந்த உரை பையிலேயே கிடந்தது. மௌனமான கூட்டத்தின் நடுவே வரேலாவைத் தேடிப் பிடித்துக் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

வரேலாவின் சொல்லுக்கு ஏன் அந்தப் பத்துப் பேர் கட்டுப்பட்டார்கள்? இதற்கு விடை மரக்கானாவில் இல்லை. 1948-இல் உருகுவேயின் கால்பந்து வீரர்கள் தங்கள் உரிமைகளுக்காக வேலைநிறுத்தம் செய்தபோது முன்னால் நின்றவர்களில் அவர் ஒருவர். அப்போதே தேசிய அணியின் நட்சத்திரம். தன் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அவர் அணியான பெனரோல் பின்னாளில் சட்டையில் விளம்பரம் அச்சிட்டபோது அதை அணிய மறுத்தார். கேப்டனின் சொல்லுக்குக் கிடைக்கும் மதிப்பு, ஆட்டம் இல்லாத நாள்களில் சேமித்து வைத்தது. ஆட்ட நாளில் அதைச் செலவழிக்க மட்டுமே முடியும். பள்ளி அணிகளிலும் ஊர் அணிகளிலும் அதிகக் கோல் போடுகிற பையனிடமே பட்டையைக் கொடுத்துவிடுகிற வழக்கத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோல் போடும் திறமையும் இந்தச் சேமிப்பும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆட்டக்காரர் நிற்கும் இடத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1966-இல் இங்கிலாந்தின் பாபி மூரும் 1974-இல் மேற்கு ஜெர்மனியின் ஃபிரான்ஸ் பெக்கன்பவரும் தற்காப்பின் நடுவே நின்றவர்கள். அங்கிருந்து பார்த்தால் சொந்த அணி முழுவதும் கண்முன்னே தெரியும், குரலும் எட்டும். 1998-இல் பிரான்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்த திதியே தெஷாம் தற்காப்பு நடுகள வீரர். கண்ணைப் பறிக்கும் ஆட்டம் அவரிடம் கிடையாது. அதே நாட்டின் எரிக் கன்டோனா அவரைத் ‘தண்ணீர் சுமப்பவர்’ என்று இளக்காரமாகச் சொன்னார். பந்தைப் பறித்து, பக்கத்தில் நிற்கும் திறமைசாலியிடம் கொடுப்பதுதான் அவர் வேலை என்று பொருள். எனக்கு அந்தப் பெயர் புகழ்ச்சியாகவே ஒலிக்கிறது. 1993-இல் மார்சே அணி ஐரோப்பியச் சாம்பியன் ஆனபோது 24 வயதில் கோப்பையைத் தூக்கியவர் அவர். பிரான்ஸுக்கு 1998 உலகக் கோப்பை, 2000 ஐரோப்பியக் கோப்பை என இரண்டையும் தூக்கினார். ஜிதான் போன்ற ஒரு மேதை அணியில் இருக்கும்போது பட்டை தெஷாம் கையில் இருந்ததில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மேதை தன் ஆட்டத்தை யோசிக்கட்டும், மற்ற பத்துப் பேரை யோசிப்பதற்கு ஒருவர் வேண்டும். 2018-இல் பயிற்சியாளராக அவர் மீண்டும் உலகக் கோப்பையை வென்றது அந்தப் பழக்கத்தின் நீட்சி.

கோல்கீப்பர் கேப்டனாக இருக்கலாமா என்பது பழைய விவாதம். முழுக் களத்தையும் பார்ப்பவர் அவர். ஆனால் எதிர்ப்பக்கப் பெனால்டி எல்லையில் சச்சரவு வந்தால் அவரால் ஓடிப்போய்ச் சேர முடியாது. 1934-இல் கோம்பி, 1982-இல் நாற்பது வயது டினோ ஸோஃப், 2010-இல் கஸியாஸ், 2018-இல் லோரிஸ் எனக் கோல்கீப்பர் கேப்டன்களும் உலகக் கோப்பையைத் தூக்கியிருக்கிறார்கள். 2024 ஐரோப்பியக் கோப்பையில் இந்த விவாதத்துக்குப் புதிய கனம் வந்தது. நடுவரின் முடிவுக்கு விளக்கம் கேட்க ஒவ்வோர் அணியிலிருந்தும் கேப்டன் மட்டுமே நெருங்கலாம், மற்றவர்கள் சூழ்ந்துகொண்டால் மஞ்சள் அட்டை என்று அறிவித்தார்கள். கேப்டன் கோல்கீப்பராக இருந்தால் களத்தில் உள்ள இன்னொரு வீரரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். எந்தச் சலுகையும் இல்லாத பதவிக்கு முதன்முறையாக ஒரு சின்னச் சலுகை கிடைத்தது. பேசத் தெரிந்தவர், கோபத்தை விழுங்கத் தெரிந்தவர் என்ற தகுதி இனி இன்னும் முக்கியமாகும். கத்துகிறவரைக் கேப்டனாக்கும் வழக்கம் குறைந்தால் அதைவிட நல்லது இல்லை.

வேறொரு வகைக் கேப்டன் பேச்சே இல்லாமல் அணியை இழுத்துப் போவார். 1999 ஏப்ரல் 21, டூரின் நகரம், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. முதல் பதினொரு நிமிடத்தில் யுவென்டஸின் இன்சாகி இரண்டு கோல் போட்டுவிட்டார். மான்செஸ்டர் யுனைடெட் கேப்டன் ராய் கீன் 24-ஆவது நிமிடத்தில் தலையால் முட்டி ஒன்றைத் திருப்பினார். சிறிது நேரத்தில் ஜிதானைத் தடுக்கப் போய் மஞ்சள் அட்டை வாங்கினார். முந்தைய ஆட்டங்களில் வாங்கிய அட்டையும் கணக்கில் சேர, அணி வென்றாலும் இறுதி ஆட்டத்தில் தான் ஆட முடியாது என்பது உறுதியாகிவிட்டது. மீதி ஒரு மணி நேரம் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கிற யாருக்கும் அந்தச் செய்தி அவர் காதில் விழவில்லையோ என்று தோன்றும். யுனைடெட் 3-2 என்று வென்றது. தனக்கு இடமில்லாத இறுதி ஆட்டத்துக்குத் தன் அணியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இதே கீன் 2002 உலகக் கோப்பைக்குச் சற்று முன் சைபான் தீவில் பயிற்சியாளரோடு மோதி அயர்லாந்து அணியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒரே நெருப்புதான் இரண்டு இடத்திலும் எரிந்தது.

ஜப்பானின் ஹோமாரே சாவா அந்த நெருப்பை வேறு விதமாக வைத்திருந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், துன்பம் வந்தால் என் முதுகைப் பாருங்கள் என்று அவர் தோழிகளிடம் சொன்னது ஜப்பானில் எல்லோரும் அறிந்த வாசகம். அப்போது கேப்டன் பட்டை அவரிடம் இல்லை. மூன்றாண்டுகள் கழித்து, நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் நாட்டைச் சிதைத்த அதே 2011-இல், பட்டையோடு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபுர்ட்டில் மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நின்றார். அமெரிக்கா இரண்டு முறை முந்தியது. 117-ஆவது நிமிடத்தில், கார்னரிலிருந்து வந்த பந்தைக் காலின் வெளிப்பக்கத்தால் தொட்டு அவர் 2-2 ஆக்கினார். அப்போது வயது 32, ஐந்தாவது உலகக் கோப்பை. பெனால்டி ஷூட்அவுட்டில் ஜப்பான் வென்றது. ஜப்பானுக்காகப் பெனால்டி உதைத்த நால்வரில் சாவா இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறித்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் பிரேசிலின் தியாகோ சில்வா. 2014 உலகக் கோப்பையில் சிலியோடு ஷூட்அவுட் வந்தபோது கேப்டனான அவர் பெனால்டி உதைக்க விரும்பவில்லை. தோழர்களிடமிருந்து விலகி, ஒரு பந்தின் மேல் உட்கார்ந்து அழுதார். பிரேசில் வென்றது, ஆனால் நாடே அவரைப் பிலுபிலுவெனப் பிடித்துக்கொண்டது. உதைக்காததற்காகவும் அழுததற்காகவும் திட்டியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சாவாவும் உதைக்கவில்லை. கண்ணீர் கோழைத்தனமும் ஆகாது. என் குறை ஒன்றே ஒன்று. உதைக்கப் போகிற ஐந்து பேர் கால் நடுங்க நிற்கும்போது, அவர்கள் பார்த்த திசையில் கேப்டனின் முகம் இல்லை. அடுத்த ஆட்டத்தில் கொலம்பியாவின் கோல்கீப்பர் பந்தை வெளியேற்றுவதைத் தேவையில்லாமல் மறித்து மஞ்சள் அட்டை வாங்கினார். அதனால் ஜெர்மனியோடு அரையிறுதியில் அவர் இல்லை. பிரேசில் 1-7 என்று தோற்ற அந்த இரவில், முதல் அரைமணிக்குள் ஐந்து கோல் விழுந்தன. இரண்டாவது கோல் விழுந்ததும் வலையிலிருந்து பந்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு மெதுவாக நடக்க ஒருவர் இல்லை. வரேலா பிரேசிலை நிறுத்திய வித்தையைப் பிரேசில் தன் மண்ணில் மறந்திருந்தது.

பிறக்கும்போதே கேப்டனாகப் பிறப்பவர்களைப் பற்றிப் பேசுவதைவிட, கற்றுக்கொண்டவரைப் பார்ப்பது பயனுள்ளது. லியோனல் மெஸ்ஸி அர்ஜென்டினாவின் நிரந்தரக் கேப்டனாக முதல் ஆட்டம் ஆடியது நம் கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில், 2011 செப்டம்பர் 2 அன்று. கூச்ச சுபாவம் உள்ளவர், வாய் திறக்காதவர் எனப் பல ஆண்டுகள் அவரை மரடோனாவோடு ஒப்பிட்டுக் குறை சொன்னார்கள். 2014, 2015, 2016 என அடுத்தடுத்து மூன்று இறுதி ஆட்டங்களில் தோல்வி. மூன்றாவதில் அவரே பெனால்டியைத் தவறவிட்டு, தேசிய அணியிலிருந்து விலகுவதாகச் சொல்லி, பிறகு திரும்பி வந்தார். 2022-இல் கத்தாரில் முதல் ஆட்டத்திலேயே சவூதி அரேபியாவிடம் 1-2 என்று தோற்றபோது அவர் முன்வந்து, இந்த அணி உங்களைக் கைவிடாது, நம்புங்கள் என்று ரசிகர்களிடம் சொன்னார். அடுத்து மெக்சிகோவோடு ஆட்டம் இறுகிக் கிடந்த வேளையில் 64-ஆவது நிமிடத்தில் கோல் போட்டார். கொல்கத்தாவில் பட்டை கட்டிய இளைஞர் அந்த வார்த்தைகளைச் சொல்லியிருக்க மாட்டார். பதினோரு ஆண்டுகள் பிடித்தன.

களத்துக்கு வெளியே கேப்டன் செய்வதும் உண்டு. 2018 ஜூன் மாதம் மும்பையில் இந்தியா சீன தைபேயை 5-0 என்று வென்றபோது பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். சுனில் சேத்ரி அன்று மூன்று கோல் போட்டவர். மறுநாள் ஒரு காணொளியில் தோன்றி, எங்களைத் திட்டுவதற்காகவாவது அரங்குக்கு வாருங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. 2011 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பார்சிலோனா வென்றபோது, கல்லீரல் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு சில வாரங்களிலேயே திரும்பியிருந்த எரிக் அபிதாலின் கையில் பட்டையைக் கட்டிவிட்டுக் கோப்பையை அவரையே வாங்கச் சொன்னார் கேப்டன் புயோல். பட்டையை யாரிடம் எப்போது கழற்றிக் கொடுக்கலாம் என்று தெரிவதும் கேப்டனின் வேலைதான்.

எல்லாவற்றுக்கும் கடைசியாக நான் வைத்திருப்பது 2021 ஜூன் 12, கோபன்ஹேகன். ஐரோப்பியக் கோப்பையில் டென்மார்க்-பின்லாந்து ஆட்டம், முதல் பாதி முடியச் சில நிமிடங்கள். பக்கக்கோட்டுக்கு அருகே யாரும் தொடாமலே கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டிருந்தது. முதலில் ஓடிவந்தவர்களில் ஒருவர் கேப்டன் சைமன் கேயர். மூச்சுக்குழாய் அடைபடாமல் பார்த்துக்கொண்டார். மருத்துவர்கள் வந்ததும் விலகி, தோழர்களை அழைத்து எரிக்சனைச் சுற்றி ஒரு வளையமாக நிற்கவைத்தார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த கேமராக்களுக்கு, உயிருக்குப் போராடும் மனிதனைக் காட்டக்கூடாது என்று முதுகுகளால் கட்டிய சுவர் அது. பல வீரர்கள் அழுதுகொண்டே வெளிப்பக்கம் பார்த்து நின்றார்கள். எரிக்சனின் துணைவி களத்துக்கு ஓடிவந்தபோது அவரைத் தாங்கிப் பிடித்து ஆறுதல் சொன்னவரும் கேயர்தான்.

எரிக்சன் கண் விழித்தார் என்ற செய்தி மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அன்றிரவே ஆட்டம் தொடர்ந்தது. பின்லாந்து 1-0 என்று வென்றது. 63-ஆவது நிமிடத்தில் கேயர் களத்தை விட்டு வெளியேறினார். உடலில் காயம் எதுவும் இல்லை. நெருங்கிய நண்பன் விழுந்ததைப் பார்த்த மனம் அதற்கு மேல் ஆட இடம் தரவில்லை என்று பயிற்சியாளர் ஹுல்மன்ட் பின்னர் விளக்கினார். செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்த பிறகுதான் அவர் உடைந்தார். உடைந்ததை மறைக்கவும் இல்லை. ஐந்து நாள் கழித்துப் பெல்ஜியத்துக்கு எதிராகப் பட்டையோடு திரும்பி வந்தார். அந்த ஆட்டத்தின் பத்தாவது நிமிடத்தில், எரிக்சனின் சட்டை எண்ணுக்காக, பந்தை வெளியே தட்டிவிட்டு இரண்டு அணிகளும் நின்று கைதட்டின. டென்மார்க் அதிலும் தோற்றது. அதற்கு நான்கு நாள் கழித்து, எரிக்சன் விழுந்த அதே மைதானத்தில், ரஷ்யாவை 4-1 என்று வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. அரையிறுதி வரை அந்த அணியைத் தடுக்க யாராலும் முடியவில்லை.